மூக்கின் கூரையில் தொடங்கிய அரிய புற்று திரும்பி வந்திருக்கிறது: லுட்டீஷியம் சிகிச்சை பற்றி அறிந்தவர்கள் சொல்லுங்கள்

கொள்ளிடக்கரை
பிப்ரவரி 4, இரவு 11.10

என் அக்காவுக்கு வயது 54. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இடப்பக்க மூக்கு அடைத்துக்கொண்டே இருந்தது; அவ்வப்போது ரத்தம் கசிந்தது. ஊரில் ஒரு மருத்துவமனையில் மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது என்று சொல்லி ஏழு மாதங்களைச் சொட்டு மருந்திலேயே ஓட்டினார்கள். பிறகு எடுத்த பயாப்சியில் வந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கவே எங்களுக்கு ஒரு வாரம் ஆனது: எஸ்தீசியோநியூரோபிளாஸ்டோமா. வாசனையை உணரும் படலத்தில் பிறக்கிற புற்று. சில தாள்களில் ஆல்ஃபாக்டரி நியூரோபிளாஸ்டோமா என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான். இரண்டு நோய் வந்துவிட்டது என்று நாங்கள் ஓர் இரவு முழுக்க அழுதோம். நீங்கள் அழ வேண்டாம்.

அறுவை சிகிச்சை, அதன் பின் ஆறரை வாரம் ரேடியேஷன். ஏழு ஆண்டுகள் ஒன்றுமில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கழுத்தில் நெறி கட்டியது போல ஒன்று தட்டுப்பட்டது. அதே புற்று. கழுத்தைத் திறந்து நிணநீர்க் கணுக்களை எடுத்து அங்கும் ரேடியேஷன் கொடுத்தார்கள். சென்ற ஐப்பசியில் எடுத்த எம்ஆர்ஐயில் நெற்றிக்குப் பின்னால் மூளை உறையில் ஒரு கட்டி, தொண்டைக்குப் பின்னால் ஒரு கணு, முதுகெலும்பில் இரண்டு இடங்கள். சிஸ்பிளாட்டின், எட்டோபோசைட் கீமோ மூன்று சுற்று கொடுத்தார்கள். அக்காவுக்குக் காது இரையத் தொடங்கியது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியது, அத்துடன் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது புற்றுநோய் மருத்துவர் டோட்டாடேட் பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். கட்டிகள் அதில் ஒளிர்ந்தால் லுட்டீஷியம்-177 கொடுக்கலாமாம். கதிரியக்க மருந்தை ரத்தத்திலேயே ஏற்றுவார்களாம். மூக்கில் தொடங்கிய புற்றுக்கு இதை எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?


நெறியாளர்
பிப்ரவரி 5, காலை 6.30

வழக்கமான வேண்டுகோள்: மருத்துவமனை, மருத்துவர், காப்பீட்டு நிறுவனம் ஆகியவற்றின் பெயர்களோடு குறைகளை எழுத வேண்டாம். அனுபவத்தை எழுதுங்கள்.


உப்புக்காற்று
பிப்ரவரி 5, காலை 9.15

தம்பி, இந்தப் பெயரை இந்த மன்றத்தில் வேறொருவர் எழுதி நான் பார்ப்பது இதுதான் முதல் முறை. எனக்கும் அதே நோய்தான். 2011இல் அறுவை சிகிச்சை. இதுவரை திரும்பவில்லை, ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை எம்ஆர்ஐ எடுப்பதை விடவில்லை. பத்து ஆண்டுகள் தாண்டிய பிறகும் வரக்கூடிய புற்று இது என்று என் மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஐந்து ஆண்டு கடந்தால் தப்பித்தோம் என்று மற்றவர்கள் இனிப்பு கொடுக்கிறார்களே, நமக்கு அந்த இனிப்பு கிடையாது.

பிரான்சில் 1924இல்தான் இதை முதன்முதலாக விவரித்திருக்கிறார்கள். மூக்கின் கூரையில் சல்லடை போலத் துளைகள் கொண்ட ஒரு மெல்லிய எலும்புத் தட்டு இருக்கிறது. வாசனை நரம்புகள் அதன் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. புற்று பிறக்கும் இடம் அதற்கு அடியில். அதனால்தான் மூளை உறைக்கு அது எளிதில் தாவுகிறது. ஆண்டுக்கு பத்து லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட வராத நோய் என்பதால் பல காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் தங்கள் பணிக்காலம் முழுவதிலும் ஒன்றிரண்டைத்தான் பார்த்திருப்பார்கள். அந்த ஏழு மாதச் சொட்டு மருந்துக்கு நான் சமாதானம் சொல்லவில்லை. ஆனால் அது எப்படி நடந்திருக்கும் என்பது எனக்குப் புரிகிறது.

லுட்டீஷியம் பற்றி எனக்கு அனுபவம் இல்லை. அக்காவுக்கு வாசனை தெரிகிறதா?


கொள்ளிடக்கரை
பிப்ரவரி 5, பகல் 1.40

//அக்காவுக்கு வாசனை தெரிகிறதா?//

அறுவை சிகிச்சையோடு போய்விட்டது அண்ணா. பால் கெட்டிருக்கிறதா என்று என் மனைவியிடம் கேட்டுத்தான் அடுப்பில் வைப்பார். கேஸ் கசிவுக்கு ஒலி எழுப்பும் கருவி ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறோம்.


அணுவறை ஊழியர்
பிப்ரவரி 5, இரவு 10.05

நான் மருத்துவர் இல்லை. நியூக்ளியர் மெடிசின் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாகத் தொழில்நுட்பராக இருக்கிறேன். மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

சோமாடோஸ்டாடின் என்று ஒரு ஹார்மோன் நம் உடம்பில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் சில செல்களின் மேல் இருக்கும். நரம்பு நாளமில்லாச் சுரப்பிப் புற்றுகளில், அதாவது குடலிலும் கணையத்திலும் வரும் நெட் வகைக் கட்டிகளில், அந்த ஏற்பிகளில் இரண்டாம் வகை மிக அதிகம். உங்கள் அக்காவின் மூக்குப் புற்றிலும் பெரும்பாலும் அதே ஏற்பி காணப்படுகிறது என்று பின்னர் கண்டுபிடித்தார்கள். டோட்டாடேட் என்பது அந்த ஹார்மோனைப் போலச் செய்யப்பட்ட ஒரு சிறு புரதத் துண்டு. அது போய் ஏற்பியில் ஒட்டிக்கொள்ளும். செல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அதன் முதுகில் என்ன ஏற்றி அனுப்புகிறோம் என்பதில்தான் வேறுபாடு. காலியம்-68 ஏற்றினால் அது ஸ்கேன்: கட்டி எங்கே இருக்கிறது என்று காட்டும். லுட்டீஷியம்-177 ஏற்றினால் அது மருந்து: ஒட்டிய இடத்திலிருந்து பீட்டா துகள்களை வீசும். அவை திசுவுக்குள் அதிகபட்சம் சுமார் 2 மி.மீ. தூரம் போகும், ஒரு கடுகின் அளவு. பக்கத்தில் கண் நரம்பு இருக்கிறது, ஏற்கெனவே அங்கே வெளியிலிருந்து முழு அளவு ரேடியேஷன் கொடுத்தாகிவிட்டது, இன்னொரு முறை கொடுத்தால் பார்வை போகலாம் என்கிற இடங்களில் இந்தக் கடுகளவு பெரிய விஷயம்.

தைராய்டு புற்றுக்கு அயோடின்-131 கொடுப்பது 1940களிலிருந்தே இருக்கிறது. இதுவும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

கிரியாட்டினின் எவ்வளவு என்று எழுதுங்கள். இந்தச் சிகிச்சையில் நாங்கள் முதலில் பார்ப்பது சிறுநீரகத்தைத்தான்.


ஐயப்பாடு
பிப்ரவரி 6, காலை 5.50

நான் மருத்துவன் அல்லன். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவன். என் மனைவிக்குக் குடல் நெட் வந்தபோது இந்தச் சிகிச்சையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எனவே கொஞ்சம் கசப்பாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லுட்டீஷியம் பற்றி எல்லோரும் காட்டும் ஆதாரம் நெட்டர்-1 ஆய்வு. 2017 ஜனவரியில் வெளியானது. மொத்தம் 229 நோயாளிகள். 20 மாத முடிவில் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் லுட்டீஷியம் எடுத்த குழுவில் 65.2 சதவீதம், சோமாடோஸ்டாடினைப் போன்ற மருந்தான ஆக்ட்ரியோடைடை மட்டும் அதிக அளவில் எடுத்த குழுவில் 10.8 சதவீதம். அருமையான முடிவு, மறுக்கவில்லை. அதை வைத்துத்தான் ஐரோப்பா 2017இலும் அமெரிக்கா 2018 ஜனவரியிலும் அனுமதி கொடுத்தன. ஆனால் அந்த 229 பேருக்கும் நடுக்குடலில் தொடங்கிய கட்டி. மூக்கில் தொடங்கியவர் ஒருவர்கூட அதில் இல்லை. அனுமதியும் குடல், கணையக் கட்டிகளுக்குத்தான்.

இன்னொன்று. கட்டி சுருங்கியவர்கள் அந்த ஆய்வில் 18 சதவீதம்தான். பெரும்பாலானோருக்குக் கிடைத்தது கட்டி வளராமல் நிற்பது. 'கரைந்துவிடும்' என்று யாராவது சொன்னால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள்.

மூக்குப் புற்றுக்கு இருப்பவை தனித்தனி நோயாளிகளின் கதைகளும் சிறு தொகுப்புகளும்தான். நன்றாகத் தேறியவரைப் பற்றித்தான் மருத்துவர்கள் கட்டுரை எழுதுவார்கள். தேறாதவரைப் பற்றி யார் எழுதுவார்? இதை மனத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.


மாடித்தோட்டம்
பிப்ரவரி 6, காலை 10.20

ஐயப்பாடு ஐயா சொல்வது அத்தனையும் சரி. ஆனால் ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராத நோய்க்கு 229 பேரை எங்கிருந்து கொண்டுவருவார்கள்? ஆய்வு வரும் வரை அந்த அக்கா காத்திருக்க முடியுமா?

என் கணவருக்குக் கணையத்தில் நெட். லுட்டீஷியம் நான்கு தவணையும் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கட்டிகள் அப்படியே இருக்கின்றன. அவரும் அப்படியே இருக்கிறார், காலையில் செய்தித்தாளுக்குச் சண்டை போட்டுக்கொண்டு.


ஐயப்பாடு
பிப்ரவரி 6, காலை 11.05

//ஆய்வு வரும் வரை அந்த அக்கா காத்திருக்க முடியுமா?//

காத்திருக்கச் சொல்லவில்லை அம்மா. ஒப்பிட வேறு குழு இல்லாதபோது நோயாளியின் பழைய நிலைதான் ஒப்பீடு. அதைத்தான் சொல்ல வந்தேன், கசப்பில் விட்டுவிட்டேன்.

இந்தப் புற்றுகளில் சில மிக மெதுவாக வளர்பவை. ஒன்றும் செய்யாவிட்டாலும் ஓராண்டு அசையாமல் இருக்கக்கூடியவை. அப்படியானால் சிகிச்சைக்குப் பின் 'வளரவில்லை' என்று சொல்வதற்கு என்ன மதிப்பு? சிகிச்சைக்கு முன் எவ்வளவு வேகத்தில் வளர்ந்தது என்று தெரிந்தால்தான் மதிப்பு. கொள்ளிடக்கரை, உங்களிடம் பழைய எம்ஆர்ஐ குறுந்தகடுகள் இருக்கும். அறிக்கைத் தாள் போதாது, படங்கள் வேண்டும். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் ஒரே கதிரியல் மருத்துவரிடம், ஒரே நாளில், ஒரே கட்டியை அளக்கச் சொல்லுங்கள். ஆளுக்கொரு கை அளந்தால் 2 மி.மீ. பிழை கையிலேயே வந்துவிடும்.

மருந்து ஏற்றும் முன் இதைச் செய்யுங்கள். பின்னால் செய்தால் நம் ஆசையும் சேர்ந்து அளக்கும்.


வழிப்போக்கன்
பிப்ரவரி 7, மாலை 4.12

எங்கள் ஊரில் ஒருவர் வேர்க் கஷாயம் கொடுக்கிறார். கட்டி உதிர்ந்துவிடும்.


அணுவறை ஊழியர்
பிப்ரவரி 7, மாலை 4.40

என்ன வேர் என்றே சொல்லாத கஷாயம் சிறுநீரகத்துக்கு என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. சிஸ்பிளாட்டினால் ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகம் அது. எதைக் குடித்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள்.


கொள்ளிடக்கரை
பிப்ரவரி 23, இரவு 9.30

மூன்று செய்திகள்.

ஒன்று. கிரியாட்டினின் 1.2க்கு இறங்கிவிட்டது. சிகிச்சை கொடுக்கலாம் என்கிறார்கள்.

இரண்டு. ஐயப்பாடு ஐயா சொன்னபடி பீரோவைக் கவிழ்த்துக் குறுந்தகடுகளைத் தேடி எடுத்தேன். அளந்த மருத்துவர் ஒரு கட்டத்தில் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஐப்பசியில்தான் தெரிந்தது என்று நாங்கள் நினைத்திருந்த மூளை உறைக் கட்டி, அதற்கு முந்தைய ஏப்ரல் படத்திலேயே இருக்கிறது. 8 மி.மீ. அப்போதைய அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அக்டோபரில் 11. இந்த ஜனவரியில் 14. அதாவது நடுவில் மூன்று சுற்றுக் கீமோ போயும் வளர்ந்திருக்கிறது. வீட்டில் இதை இன்னும் சொல்லவில்லை.

மூன்று. டோட்டாடேட் ஸ்கேன் எடுத்தாயிற்று. மூளை உறை, தொண்டைக் கணு, முதுகெலும்பில் மேலே உள்ள புள்ளி மூன்றும் கல்லீரலைவிட நன்றாக ஒளிர்கின்றன, மதிப்பெண் 3 என்று போட்டிருக்கிறார்கள். இடுப்புக்கு அருகே உள்ள எலும்பு மட்டும் இருட்டாக இருக்கிறது. அது நல்லதுதானே? அங்கே புற்று இல்லை என்று பொருளா?

ஸ்கேன் அன்று ஒரு கூத்து. பஸ் கோளாறில் நாங்கள் 40 நிமிடம் தாமதமாகப் போனோம். அங்கே எல்லோரும் எங்களைக் கொலைக் குற்றவாளிகளைப் போலப் பார்த்தார்கள்.


அணுவறை ஊழியர்
பிப்ரவரி 23, இரவு 10.50

//கொலைக் குற்றவாளிகளைப் போல//

காலியம்-68இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 68 நிமிடம். நீங்கள் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நேரத்தில் உங்கள் அக்காவுக்காகத் தயாரித்த மருந்தில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துபோயிருக்கும். எங்கள் முகத்தைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

//இடுப்புக்கு அருகே உள்ள எலும்பு மட்டும் இருட்டாக இருக்கிறது. அது நல்லதுதானே?//

அவசரப்பட வேண்டாம். டோட்டாடேட் ஸ்கேன் ஏற்பியைத்தான் காட்டும், புற்றை அல்ல. ஏற்பியை இழந்துவிட்ட புற்று இருட்டாகவே இருக்கும், லுட்டீஷியமும் அங்கே போய் ஒட்டாது. எஃப்டிஜி பெட் ஸ்கேன் எடுத்தார்களா? செல்கள் சர்க்கரையை விழுங்கும் வேகத்தை அது காட்டும். டோட்டாடேட்டில் இருட்டாகவும் எஃப்டிஜியில் பிரகாசமாகவும் இருக்கும் கட்டிதான் எங்களுக்குக் கவலை தருவது. அது பெரும்பாலும் முரட்டு வகை. இரண்டு ஸ்கேன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மருத்துவரிடம் ஒவ்வோர் இடமாகக் கேளுங்கள்.


கொள்ளிடக்கரை
மார்ச் 3, மாலை 6.15

எஃப்டிஜியில் அந்த இடுப்பு எலும்பு ஒளிர்கிறது. நீங்கள் சொன்னதுதான். அந்த ஓர் எலும்புக்கு மட்டும் ஐந்து நாள் வெளி ரேடியேஷன், மற்ற மூன்றுக்கும் லுட்டீஷியம் என்று மருத்துவர் குழு முடிவு செய்திருக்கிறது. கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. மருத்துவர்களே கவனித்திருக்கலாம். ஆனால் நான் கேட்டபோதுதான் இரண்டு படங்களும் ஒரே திரைக்கு வந்தன.

காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிட்டது. 'பரிசோதனை நிலையில் உள்ள சிகிச்சை' என்று ஒரே வரி. அனுமதி குடலுக்குத்தான், மூக்குக்கு இல்லை என்கிற அதே வாதம். மேல்முறையீடு செய்திருக்கிறோம். மருந்து வெளிநாட்டிலிருந்து வருமா? என்ன செலவாகும்?


அணுவறை ஊழியர்
மார்ச் 3, இரவு 9.00

வர வேண்டியதில்லை. லுட்டீஷியம்-177 நம் நாட்டிலேயே உற்பத்தியாகிறது, டிராம்பேயில் உள்ள துருவா அணு உலையில். 1985இலிருந்து இயங்கும் உலை அது. செறிவூட்டிய லுட்டீஷியம்-176ஐ நியூட்ரான்களுக்கு நடுவே வைத்து 177 ஆக்குகிறார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிர்வீச்சு மருத்துவ மையம் மும்பை பரேலில் 1963இலிருந்து இருக்கிறது. இந்தச் சிகிச்சையில் இந்தியாவில் பழுத்த அனுபவம் உள்ள இடங்களில் அதுவும் ஒன்று. தமிழ்நாட்டிலும் இப்போது கிடைக்கிறது. இறக்குமதி மருந்தா, இங்கே தயாரித்ததா என்று கேளுங்கள். அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது ஒரு தவணை மருந்துக்கு நிறுவனம் வைத்த விலை 47,500 டாலர். இங்கே அந்தக் கணக்கெல்லாம் இல்லை.

உள்நாட்டு உற்பத்திக்கு இன்னொரு பயனும் உண்டு. 2022 மே மாதம் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இருந்த ஆலைகளில் தயாரிப்பைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். அரை ஆயுள் 6.65 நாள் உள்ள பொருளைக் கிடங்கில் அடுக்கி வைக்க முடியாது. ஆலை நின்றால் நோயாளியின் தேதியும் நிற்கும்.


மாடித்தோட்டம்
மார்ச் 4, காலை 8.45

கொள்ளிடக்கரை தம்பி, மருந்து ஏற்றும் நாளைப் பற்றிச் சொல்கிறேன். யாரும் சொல்லாததை மட்டும்.

லுட்டீஷியத்துக்கு அஞ்சாதீர்கள். அது அரை மணி நேரத்தில் ஏறிவிடும், ஒன்றும் தெரியாது. ஆளைப் படுத்துவது அதற்கு முன்பே தொடங்கி, மொத்தம் நான்கு மணி நேரம் ஓடும் அமினோ அமிலப் பாட்டில். அந்தக் குமட்டல்! வாந்தி தடுப்பு மருந்தை முதலிலேயே போட்டுவிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம்.

கதவில் கதிரியக்கக் குறி போட்ட அறை. நீங்கள் உள்ளே உட்கார முடியாது. கேமராவில் பார்த்துக்கொள்வார்கள். ஆகவே அக்காவுக்குக் கைபேசி, சார்ஜர், படிக்க ஏதாவது. பழைய நைட்டி ஒன்று கொடுத்தனுப்புங்கள், நல்ல புடவை வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு சில நாட்கள் தனிப் படுக்கை. எத்தனை நாள் என்று எழுதித் தருவார்கள். கழிப்பறையில் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும், ஆண்களுக்கும்தான். இரண்டு முறை தண்ணீர் ஊற்ற வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பக்கத்தில் போகக் கூடாது. என் பேரன் கதவுக்கு வெளியே நின்று 'தாத்தா நீ இப்போ ஒளிர்கிறாயா?' என்று கேட்டான்.


உப்புக்காற்று
மார்ச் 4, பகல் 12.30

அமினோ அமிலம் எதற்கு? சத்துக்கா?


அணுவறை ஊழியர்
மார்ச் 4, இரவு 8.20

சத்துக்கு இல்லை ஐயா, துண்டு போட! கூட்டமான பஸ்ஸில் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதுதான். டோட்டாடேட் சிறுநீரகம் வழியாக வெளியேறும்போது அங்குள்ள குழல்கள் அதைத் திரும்ப உறிஞ்சி வைத்துக்கொள்ளப் பார்க்கும். அப்படி வைத்துக்கொண்டால் கதிர்வீச்சு முழுவதையும் சிறுநீரகம் வாங்கிக்கொள்ளும். லைசின், அர்ஜினின் என்ற இரண்டு அமிலங்களையும் முன்கூட்டியே அனுப்பி அந்த இருக்கைகளில் உட்காரவைத்துவிட்டால், மருந்துக்கு இடமிருக்காது, இறங்கிப் போய்விடும். அந்த நான்கு மணி நேரத்தைத் தயவுசெய்து குறைக்கச் சொல்லாதீர்கள். 'போதும், கழற்றிவிடுங்கள்' என்று கெஞ்சுபவர்கள் உண்டு.

வெளியேறிய சிறுநீரும் நேராகச் சாக்கடைக்குப் போகாது. தனித் தொட்டியில் தேக்கிக் கதிரியக்கம் அடங்கிய பிறகுதான் விடுவார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி.


கொள்ளிடக்கரை
மார்ச் 19, இரவு 10.40

முதல் தவணை முடிந்தது. கதிரியக்க அளவு 200 மில்லிக்யூரி.

மாடித்தோட்டம் அக்கா எழுதியது எழுத்துக்கு எழுத்து உண்மை. மூன்றாம் மணியில் இரண்டு முறை வாந்தி எடுத்தார். 'கழற்றச் சொல்' என்று எனக்குக் கைபேசியில் அழைத்தார். துண்டு கதையைச் சொன்னேன். திட்டிவிட்டு வைத்துவிட்டார், ஆனால் கழற்றச் சொல்லவில்லை.

மறுநாள் கருவி வைத்துக் கதிர்வீச்சை அளந்தார்கள். பிறகு ஒரு ஸ்கேன். மருந்து எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பதை அந்த மருந்தே காட்டுகிறது! லுட்டீஷியம் பீட்டாவோடு கொஞ்சம் காமாவும் வீசுமாம், அதைக் கேமரா பிடிக்கிறது. நெற்றிக்குப் பின்னால் ஒரு புள்ளி, தொண்டையில் ஒன்று, முதுகில் ஒன்று. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்பது ஆண்டுகளில் முதல் முறையாக, மருந்து அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

ஒரு சந்தேகம். மூளை உறையில் கட்டி இருப்பதால் வீக்கம் வராமலிருக்க இரண்டு நாளுக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். அது சரியா?


அணுவறை ஊழியர்
மார்ச் 20, காலை 7.10

மூளைக்கு அருகில் கட்டி இருந்தால் சிறிது காலம் கொடுப்பதுண்டு. தொடர்ந்து அதிக அளவில் எடுத்தால் ஸ்டீராய்டு அந்த ஏற்பிகளையே குறைத்துவிடலாம் என்று மருந்தின் குறிப்பேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. எனவே வீட்டில் மீதமிருக்கும் மாத்திரையைத் தலைவலிக்கெல்லாம் நீங்களாகக் கொடுக்காதீர்கள். தலைவலி, வாந்தி, வலிப்பு எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு.


கொள்ளிடக்கரை
ஜூலை 2, இரவு 9.55

இரண்டாம் தவணை மே மாதம் முடிந்தது. மூன்றாவது தள்ளிப்போகிறது. தட்டணுக்கள் 68,000க்கு இறங்கிவிட்டன. ஏற்கெனவே கீமோவிலும் கழுத்து, எலும்பு ரேடியேஷனிலும் மஜ்ஜை களைத்துப்போயிருக்கிறது என்கிறார்கள். அக்கா தினசரி காலண்டரில் அடுத்த தவணைத் தேதியைப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தார். இப்போது அந்தத் தாளைக் கிழித்தும் ஆகிவிட்டது, தவணை வரவில்லை.

டெல்லி எய்ம்ஸில் ஆக்டினியம் என்று ஒன்று கொடுக்கிறார்களாமே? அது இன்னும் வலுவானது என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.


ஐயப்பாடு
ஜூலை 3, காலை 5.45

காணொளி என்றதும் என் கை துடிக்கிறது. ஆனால் செய்தி பொய்யில்லை. ஆக்டினியம்-225 பீட்டாவுக்குப் பதில் ஆல்ஃபா துகளை வீசுவது. அதன் வீச்சு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, அடி மட்டும் பல மடங்கு. எய்ம்ஸ் மருத்துவர்கள் குடல், கணைய நெட் நோயாளிகளுக்குக் கொடுத்த அனுபவத்தை 2020இல் வெளியிட்டார்கள். அங்கும் ஒப்பீட்டுக் குழு கிடையாது. உங்கள் அக்காவுக்கு லுட்டீஷியம் தோற்றுவிட்டதா என்றே இன்னும் தெரியாது. தட்டணுக்கள் இறங்கியதற்கு மருந்து மாற்றுவது தீர்வல்ல. ஏறட்டும்.


மாடித்தோட்டம்
ஜூலை 3, காலை 9.30

என் கணவருக்கும் தள்ளிப்போனது தம்பி. எட்டு வாரம் என்பது பன்னிரண்டு ஆனது. நின்றுவிட்டால் எல்லாம் போய்விடும் என்று நான் தூங்காமல் கிடந்தேன். மூன்று வாரத்தில் எண்ணிக்கை ஏறியது. வாராவாரம் ரத்தப் பரிசோதனை எடுங்கள், தாள்களைத் தொலைக்காதீர்கள்.


கொள்ளிடக்கரை
டிசம்பர் 11, இரவு 8.30

நீண்ட நாட்களாக எழுதவில்லை, மன்னிக்கவும். மூன்றாவது ஜூலை கடைசியில், அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள். நான்காவது அக்டோபர் தொடக்கத்தில். தட்டணுக்கள் இப்போது 1,10,000. கிரியாட்டினின் 1.3. காப்பீட்டு மேல்முறையீட்டுக்கு இன்னும் பதில் இல்லை. அந்தக் கோப்பை நான் மூடவில்லை.

போன வாரம் எம்ஆர்ஐ. அதே மருத்துவர், பழைய குறுந்தகடுகள் எல்லாவற்றையும் மீண்டும் திறந்து அளந்தார். மூளை உறைக் கட்டி 12 மி.மீ. தொண்டைக் கணு அதே அளவு. மேல் முதுகெலும்பில் மாற்றமில்லை. ரேடியேஷன் கொடுத்த இடுப்பு எலும்பு எஃப்டிஜியில் மங்கிவிட்டது. புதிதாக எதுவும் இல்லை.

அறிக்கையில் 'நிலையாக உள்ளது' என்று இரண்டே சொல். அக்கா அதைப் படித்துவிட்டு, 'இதற்கா நான்கு தடவை வாந்தி எடுத்தேன்?' என்றார்.


ஐயப்பாடு
டிசம்பர் 12, காலை 5.40

ஜனவரிக்கு முந்தைய ஒன்பது மாதத்தில் 8இலிருந்து 14. அதன் பின் வந்த பதினோரு மாதத்தில் 14இலிருந்து 12. கடைசி இரண்டு மி.மீ.யை அளவுப் பிழை என்றே தள்ளிவிடுங்கள். அப்போதும் கோடு மடங்கியிருக்கிறது. பழைய வேகத்தில் போயிருந்தால் இன்று 20ஐத் தாண்டியிருக்கும்.

ஒரே நோயாளி, ஒரே கட்டி. இதை வைத்து இந்த இழையைப் படிக்கும் வேறு யாருக்கும் நான் எதையும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள், அந்த இரண்டு சொல்லுக்கு அந்த வாந்தி தகும்.


உப்புக்காற்று
டிசம்பர் 12, காலை 7.20

ஐயப்பாடு ஐயாவிடமிருந்து இப்படி ஒரு வரி! தேதியைக் குறித்துவைக்க வேண்டும்.


அணுவறை ஊழியர்
டிசம்பர் 12, இரவு 9.10

மகிழ்ச்சி. ரத்தப் பரிசோதனையை நிறுத்திவிடாதீர்கள். மஜ்ஜைப் பாதிப்பு சிலருக்கு ஆண்டுகள் கழித்தும் வரும். எண்ணிக்கை காரணமில்லாமல் இறங்கினால் 'பழைய மருந்தின் களைப்பு' என்று விட்டுவிடாமல் கேளுங்கள். அடுத்த ஸ்கேன் எப்போது?


கொள்ளிடக்கரை
டிசம்பர் 12, இரவு 10.35

பங்குனியில். தேதி கொடுத்துவிட்டார்கள். புதிய காலண்டர் வந்ததும் வட்டமிட அக்காவிடம் பேனாவை நீட்டினேன். 'அந்த மாதம் வடகம் போட வேண்டும், நீயே எங்காவது எழுதிக்கொள்' என்று சொல்லிவிட்டார். என் கைபேசியில் குறித்திருக்கிறேன்.